மேலே ஒரே ஒரு படம்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட்டை அடுத்த பிளெக்ஸ் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர். கடையின் சொந்தக்காரர் பரீது. அவர் மகள் ரஜீனா; கடையில் கம்ப்யூட்டரில் படம் வடிவமைப்பது அவள்தான். மீனாட்சிபுரம் மேக்காட்டுத் தோட்டத்துப் பெண் செல்வலட்சுமி. அவளுடைய பெரியப்பாவும் பால் சங்கத்தின் முன்னாள் தலைவருமான அழகுமலை. யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நடந்தது அப்படிப்பட்ட விஷயம். நானும் அங்கே இருந்தேன் என்று பின்னால் கிளம்பியவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

அழகுமலை அந்தக் கடைக்குள் வந்திருக்கவே வேண்டியதில்லை. தம்பி மகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிரே மாட்டுத் தீவனம் வாங்கப் போவதாகத்தான் ஏற்பாடு. தீவனக் கடை திறக்கவில்லை. நடுரோட்டில் வெயிலில் நிற்பது அவர் வயதுக்கும் வகித்த பதவிக்கும் பொருந்தாது. உள்ளே வந்தார், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார், கம்ப்யூட்டர் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணு, அந்த மூலையில இருக்கறது யாரு?"

"நாந்தானுங் பெரீப்பா."

"நீயேன் மூலையில இருக்கறே?"

செல்வலட்சுமி விளக்கினாள். இன்டர்நெட்டில் அவளுக்கு ஒரு சேனல் இருந்தது. அதில் அவள் வீடியோ கேம் ஆடுவாள். ஆடுவதை ஆட்கள் நேரலையில் பார்ப்பார்கள். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சுகிற ஆட்டம். திரை முழுக்க ஆட்டம் ஓடும். ஆடுகிறவளின் முகம் மூலையில் ஒரு சிறு கட்டத்தில் தெரியும். அந்தக் கட்டத்தைச் சுற்றிப் போடுகிற சட்டம், ஆட்டம் தொடங்குமுன் காட்டுகிற முகப்புப் படம் என்று எல்லாவற்றையும் ஒரே பாணியில் செய்து வாங்க வந்திருந்தாள். பாணி, மாட்டுத் தொழுவம். கறுப்பும் ஊதாவுமாகப் பின்னணி. நடுவில், காதில் ஹெட்போன் மாட்டிக் கூலிங்கிளாஸ் போட்ட எருமை ஒன்று.

அழகுமலை எருமையைப் பார்த்தார். எருமை அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"மேக்காட்டுத் தோட்டத்துக்காரங்க எந்த விசேஷத்துலயும் மூலையில உக்கோந்ததில்ல," என்றார்.

"இது விசேஷமில்லீங் பெரீப்பா. கேமு."

"எத்தன பேரு பாப்பாங்க?"

"ஒரு நாப்பது பேரு."

"நாப்பது பேரு பார்த்தா விசேஷந்தான்."

ஆட்டத்தை நிறுத்து என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மனதில் ஓடியது வேறு.

சித்திரைத் திருவிழாவுக்குக் கோயில் வாசலில் வைத்த பிளெக்ஸில், பங்காளிகள் படவரிசையில் அழகுமலையின் படம் இரண்டாவதாக இருந்தது. முதல் படம் சந்தனத்துடையது. சந்தனம் அவருக்குப் பெரியப்பா மகன். மூத்த கிளை என்று சொல்லி முதலிடத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அழகுமலை சந்தனத்தைவிடப் பதினோரு நாள் மூத்தவர். "பதினோரு நாளெல்லாம் ஒரு கணக்குங்களா?" என்று அவர் மனைவி மாரீஸ்வரி ஒருமுறை கேட்டுவிட்டாள். அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்தப் பிளெக்ஸ் ஒரு மாதம் நின்றது. ஒரு மாதமும் அழகுமலை கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

கோயில் பிளெக்ஸை மீனாட்சிபுரம் மட்டும்தான் பார்த்தது. இதையோ, செல்வலட்சுமி சொல்வதைப் பார்த்தால், துபாயிலிருந்துகூடப் பார்க்கிறார்கள். முதல் படமாக இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"அம்மிணி," என்றார் ரஜீனாவிடம், "மொதல்ல புள்ளையத் தூக்கி நடுவுல போடு."

ரஜீனா போட்டாள். ஆட்டம் முழுவதும் மறைந்துபோயிற்று.

"இப்ப யாரு யாரச் சுடறாங்கன்னே தெரியாதுங்க ஐயா."

"சுடறத எதுக்கு ஊருக்குக் காட்டோணும்? அத மூலையில போடு."

"பெரீப்பா, அவங்க அதப் பாக்கறதுக்குத்தான் வர்றாங்க," என்றாள் செல்வலட்சுமி.

"உன்னயப் பாக்க வரலியா?"

"என்னயப் பாக்கவும் வர்றாங்க."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. திரையை மறுபடி பார்த்தார். நடுவில் இத்தனை பெரிதாக ஒரு கல்யாணமாகாத பெண்ணின் முகம். துபாய்க்காரன் பார்க்கிறான்.

"சரி, மூலைக்கே போ," என்றார். "ஆனா மொகப்புப் படத்துல நீயும் வேண்டாம், எருமையும் வேண்டாம். மொகப்புன்னா வாசல் மாதிரி. வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடறது யாரு? ஊட்டுப் பெரியவங்க."

"பெரீப்பா, இது..."

"இன்டர்நெட்டு கனெக்‌ஷன் யாரு பேருல இருக்குது?"

கனெக்‌ஷன் அவர் பெயரில்தான் இருந்தது.

"நம்ம பங்காளிக வாட்ஸாப் குரூப்புல முந்நூத்திப் பன்னண்டு பேரு இருக்காங்க. நான் ஒரு வார்த்த போட்டா அத்தன பேரும் வந்து பாப்பாங்க. பாத்துக்கோ."

நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தவள் அவள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் அவள் காதில் தேனாக விழுந்தது. "சரிங் பெரீப்பா," என்றாள். ஒரே ஒரு படத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்தாள்.

அழகுமலை தன் போனிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். பால் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. கழுத்தில் ரோஜா மாலை. முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

பரீது எட்டிப் பார்த்தார். "பிரசிடெண்டே, மாலை இல்லாத படம் ஒண்ணும் இல்லியா?"

"இருக்குது. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சங்கம் போட்ட மாலை பரீது. இத்தன வருசத்துல மூணே பேருக்குத்தான் போட்டிருக்காங்க. அதக் கழட்டச் சொல்றீங்களா?"

பரீது கழற்றச் சொல்லவில்லை.

"படத்த எங்க வெக்கட்டுங்க?" என்றாள் ரஜீனா.

"மேல. நட்டநடுவுல. ஒரே ஒரு படம். பக்கத்துல எவனும் வேண்டாம்."

வைத்தாள். ஊதாப் பின்னணியில் அழகுமலையின் முகம் ஊதாவாகத் தெரிந்தது.

"கலர மாத்தோணுமுங்க. சந்தனக் கலரு போடட்டுங்களா?"

"அந்தப் பேரே இங்க வேண்டாம். வெள்ளை போடு."

வெள்ளை போட்டாள். எருமை போன இடம் வெறுமையாக இருந்தது.

"அங்க ஒரு குத்துவெளக்கு வை அம்மிணி. எரியற மாதிரி. ஓரத்துல சுத்தியும் பூ."

ரஜீனாவின் கை மவுசின் மேல் நின்றுவிட்டது. அவள் தந்தையைப் பார்த்தாள். பரீது கூரையைப் பார்த்தார்.

"ஐயா, இதப் பாக்க ஒரு மாதிரியா..."

"எந்த மாதிரி?"

எதிரில் உட்கார்ந்திருந்தவரை ரஜீனா பார்த்தாள். கஞ்சி போட்ட சட்டை, முறுக்கிய மீசை, இருமல்கூட இல்லாத உடம்பு. அவரிடம் போய் அதை எந்த வாயால் சொல்வது. "ஒண்ணுமில்லீங்க," என்று விளக்கை வைத்தாள். சுடர் ஆடியது.

"தொழுகைக்கு நேரமாச்சு," என்று பரீது எழுந்தார். பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பள்ளிவாசல் தெருக்கோடியில்தான் இருந்தது. ஆனாலும் வேகமாக நடந்தார்.

"இப்ப என்ற பொறந்த தேதியப் போடு," என்றார் அழகுமலை. "பன்னண்டு மூணு அம்பத்தியேழு. படத்துக்கு எடது பக்கம். யாரு மூத்தவன்னு யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. கண்ணிருக்கறவன் பாத்துக்குவான்."

போட்டாள். இடது பக்கம் மட்டும் தேதி இருக்க, வலது பக்கம் காலியாக நின்றது. அழகுமலை தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்த்தார்.

"சாயுதே. அந்தப் பக்கம் ஒண்ணு வேணும். ஞாயித்துக்கெழம புள்ளையோட நிகழ்ச்சி இருக்குதல்ல, அந்தத் தேதியப் போடு. அஞ்சு பத்து ரெண்டாயிரத்து இருவத்தஞ்சு. நேரமும் போடு, மாலை நாலு மணின்னு."

"ஐயா, அதக் கீழ போட்டுடலாமுங்க," என்றாள் ரஜீனா. அவள் குரல் கொஞ்சம் கெஞ்சியது. "தயவுசெஞ்சு கீழ போட்டுடலாமுங்க."

"கீழ பேரு வருது."

பெயர்கள் வந்தன. மேக்காட்டுத் தோட்டத்துப் பங்காளிகள் இருபத்திரண்டு பேர், வயது வரிசையில், முதல் பெயராகச் சந்தனம். அழகுமலைதான் மேலே படமாக இருக்கிறாரே. பெயர்களுக்கு மேல் 'குடும்பத்தார்' என்று ஒரு தலைப்பு. அடியில், வருகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்று வீட்டு விலாசம்.

"சேனல் பேரு எங்கீங் பெரீப்பா?"

"எடமிருந்தாப் போட்டுக்கோ."

கடைசி மூலையில், எறும்பு அளவில், போட்டுக்கொண்டார்கள். முகப்புக்கு அவள் வைத்திருந்த அதிரடிப் பாட்டும் அவருக்குச் சரிப்படவில்லை. மெல்லிய புல்லாங்குழல் போதும் என்றார். செல்வலட்சுமி இதில் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. எருமை போன வருத்தத்தில் இருந்தாள். அதற்கு அவள் பெயர்கூட வைத்திருந்தாள்.

சனிக்கிழமை படம் போனில் வந்து சேர்ந்தது. அழகுமலை அதை மனைவியிடம் காட்டினார். மாரீஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்த வெளக்க மட்டுமாச்சும் எடுத்துடச் சொல்லுங்க."

"ஏன்?"

"எடுத்துடுங்க."

"காரணம் சொல்லு."

"என்ற வாயால சொல்ல மாட்டனுங்க. அந்த ரெண்டாவது தேதியும் வேண்டாமுங்க."

"சந்தனத்து பிளெக்ஸ்ல வெளக்கு இருந்துச்சா? பூ இருந்துச்சா? நம்மளுதுல இருக்குது. உனக்கே பொறுக்கல பாரு."

மாரீஸ்வரி சமையலறைக்குள் போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அவர் தலையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் படும் அளவுக்குப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு அழகுமலை புது வேட்டி கட்டி, தன் வீட்டில் செல்வலட்சுமிக்கு ஒதுக்கியிருந்த அறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். பங்காளிகள் குரூப்பில் படத்தையும் சேனலுக்குப் போகிற லிங்க்கையும் போட்டார். கீழே ஏதாவது எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். படமே பேசும்போது எழுத்து எதற்கு. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நிகழ்ச்சி நடுவில் மணி அடிப்பது மரியாதை அல்ல என்று, தன் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான்கு மணிக்கு முகப்புப் படம் நேரலையில் ஏறியது. விளக்கு எரிந்தது. குழல் ஊதியது.

"ஆட்டத்த ஆரம்பிக்கட்டுங்களா?"

"அதுக்குள்ளயா? சொந்தக்காரங்க வந்து சேராம ஆரம்பிக்கறதா? நம்ம ஊட்டுல எந்த விசேஷம் அப்பிடி நடந்திருக்குது? இரு."

இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் எண்பது பேர் வந்தார்கள். கால் மணி நேரத்தில் இருநூற்று அறுபது. செல்வலட்சுமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். திரையின் ஓரத்தில், பார்ப்பவர்கள் எழுதுகிற கட்டத்தில், சின்னச் சின்னப் படங்கள் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"அதென்ன கண்ணு, வெறுங் கையா வருது?"

"கும்புடறாங்க பெரீப்பா."

"அத்தன பேருமா?"

"எல்லாருமே."

அழகுமலை எழுந்து நின்று, திரையைப் பார்த்துத் திருப்பிக் கும்பிட்டார். மரியாதை வாங்கினால் கொடுக்கவும் வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணிவு இல்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார்.

"பெரீப்பா, சந்தனப் பெரீப்பாவும் எழுதியிருக்காருங்."

அழகுமலை உட்கார்ந்தார். "என்னான்னு?"

"'எங்கள் குடும்பத்தின் மூத்தவர் அழகுமலை அண்ணன்' அப்பிடின்னு."

"இன்னொருக்கா படி."

படித்தாள்.

"அண்ணன்னா போட்டிருக்கறான்?"

"அண்ணன்னுதானுங்."

அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. பதினோரு நாளுக்கு உலகறிய நியாயம் கிடைத்துவிட்டது.  துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கடுத்து என்ன எழுதியிருக்கறான்?"

செல்வலட்சுமி அடுத்த வரியைப் படிக்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், மேலே இருந்த படத்தைப் பார்த்தாள், இரண்டு தேதிகளையும் பார்த்தாள், பக்கத்தில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு?"

"ரஜீனாக்காளுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தர்றனுங் பெரீப்பா. இங்க சிக்னல் இல்ல." எழுந்து பின்கட்டு வழியாகத் தோட்டத்துக்குள் ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை.

பிள்ளைக்குக் கூட்டத்தைப் பார்த்து நடுக்கம் வந்துவிட்டது என்று அழகுமலை நினைத்தார். மாரீஸ்வரி தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவரும் குழலோசையும்தான்.

அப்போது முன்வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக. ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தார்.

பங்காளிகள் வந்திருந்தார்கள். படத்தைப் போனில் பார்த்ததோடு நிற்காமல் நேரிலேயே வந்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி. நல்லேப்பிள்ளியிலிருந்து மச்சினன் கோபிநாத் வந்திருந்தார்; வரப்புத் தகராறில் ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவர். பால் சங்கத்திலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. எல்லார் தலையும் சற்றே குனிந்திருந்தது. அந்த அடக்கம் அழகுமலைக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாகச் சந்தனம் காரிலிருந்து இறங்கினார். அவர் இரண்டு கைகளிலும் ஒரு ரோஜா மாலை, ஆள் உயரத்துக்கு. சங்கம் போட்ட மாலையெல்லாம் அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

அழகுமலை ஜன்னல் திரையை மூடினார். உடனே வெளியே போய் நிற்பது கௌரவம் அல்ல. அவர்கள் கூப்பிட வேண்டும், அதன் பிறகு போக வேண்டும். கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கினார். மாலை விழ வசதியாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

யாரோ பக்கவாசல் கதவைத் தட்டினார்கள். போய்த் திறந்தார். முன்பின் பார்த்திராத ஒரு மலையாளி இளைஞன் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவனுக்குப் பின்னால், மாட்டு வண்டி வருகிற பாதையில், ஒரு வெள்ளை வேன்.

"சேட்டா, என் பேரு ஜோஜோ. சித்தூர்ல இருந்து வரேன். முன்னால காரெல்லாம் நிக்கிது, வண்டி உள்ள கேறாது. அதான் இந்த வழி வந்தேன்."

"என்ன விஷயம்?"

ஜோஜோ குரலைத் தாழ்த்தினான்.

"சந்தனம் சேட்டன் போன்ல விளிச்சுப் பறஞ்சு. ஃப்ரீசர் பெட்டி வண்டியில இருக்கு. அழகுமலை சாரை எந்த ரூம்ல கெடத்தியிருக்குன்னு காட்டினா, நாங்களே எறக்கி வெச்சுக்கறோம்."

உள்ளே குழல் ஊதிக்கொண்டிருந்தது. அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

"அது வதந்தி," என்றார். "அவரு நின்னுட்டிருக்காரு."